வாசகர் கேள்வி–பதில்: மலிவு விலை ரிவால்வர் தோட்டா, சுடவும் சேர்த்து வைக்கவும் எது தேறும்?

சட்டப்படி ரிவால்வர் வைத்திருந்து, சுடுதளத்தில் பழகும் அமெரிக்கத் தமிழ் வாசகர்கள் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் தோட்டாக்களைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். விலை குறைந்த பெட்டியை இரண்டு முறை மதிப்பிட வேண்டும். சுடும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பது ஒன்று, சுட்ட பிறகு கையில் மிஞ்சும் உறை (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் குழாய்) எப்படிப்பட்டது என்பது இன்னொன்று. ஒன்றில் தேறுவது மற்றதில் தேற வேண்டும் என்றில்லை.

கடை அலமாரியில் ஏழெட்டு நிறுவனங்களின் .38 பெட்டிகள் இருக்கின்றன. உறைகளைச் சேர்த்து வைத்துப் பின்னால் ரீலோடு செய்ய (மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துப் பயன்படுத்த) நினைக்கிறேன். எதை வாங்குவது?
– ஹூஸ்டன் வாசகர்

முதலில் உலோகத்தைப் பாருங்கள். ரீலோடுக்குப் பித்தளை உறைதான். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, மருந்து எரியும்போது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கிக் கையோடு வந்துவிடும். அலுமினியத்துக்கு அந்தத் தாங்கும் குணம் கிடையாது. ஒருமுறை விரிந்ததை டையில் (உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) அழுத்திச் சுருக்கி, மறுபடி வாயை விரித்து மடித்தால் விரிசல் விடும். எஃகு உறை டையைத் தேய்க்கும், துருப்பிடிக்கும். இரண்டையும் சுட்டதும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உறையில் ஒட்டினால் எஃகு. குண்டில் மட்டும் ஒட்டினால் உறை பித்தளையாக இருக்கலாம், ஆனால் குண்டின் மேலுறையில் எஃகு கலந்திருக்கிறது; அப்படிப்பட்ட குண்டைப் பல உள்ளரங்குத் தளங்கள் அனுமதிப்பதில்லை. ரஷ்ய எஃகு உறைத் தோட்டாக்களுக்கு 2021 செப்டம்பர் முதல் அமெரிக்கா புதிய இறக்குமதி அனுமதி தருவதில்லை. இப்போது கண்ணில் படுவது பெரும்பாலும் பழைய சரக்கு.

அதிகம் பேர் தடுமாறுவது பிளேசர் பெட்டியில். 'பிளேசர்' என்றால் அலுமினியம், 'பிளேசர் பிராஸ்' என்றால் பித்தளை. பேர் ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் கை மாறிவிடும். அலுமினிய உறையின் அடியில் 'என்ஆர்' என்ற எழுத்து இருந்தால் 'மறுபடி நிரப்பக்கூடாது' என்று பொருள். நிக்கல் பூசிய பித்தளையும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அது பளபளக்கும், கனக்கும். அலுமினியம் மங்கலான சாம்பல் நிறம், கையில் எடுத்தாலே இலேசு தெரியும்.

அடுத்தது பிரைமர் வகை. உறையின் அடியில் பதிந்து, அடிபட்டதும் தீப்பற்றி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிதான் பிரைமர். சுட்ட உறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே தீத்துளை இருந்தால் பாக்ஸர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன். பாக்ஸர் வகையில் பட்டடை (அடி விழும்போது பிரைமர் எதன்மேல் நசுங்குகிறதோ அந்த முனை) பிரைமருக்குள்ளேயே இருப்பதால், டையின் ஊசி அந்த நடுத்துளை வழியாக இறங்கிப் பழைய பிரைமரைத் தள்ளிவிடும். பெர்டனில் பட்டடை உறையின் பாகம். ஊசி இறங்க நடுவில் வழியே இல்லை, இறக்கினால் ஊசிதான் முறியும். பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். இருவரும் 1860-களில் கண்டுபிடித்தவை இவை. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் வேரூன்றியது, ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: சில அலுமினிய உறைகளிலும் ஒற்றைத் துளை இருக்கும். துளையை மட்டும் பார்த்து ரீலோடு பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

வின்செஸ்டர் வெள்ளைப் பெட்டி, ஃபெடரலின் அமெரிக்கன் ஈகிள், பிளேசர் பிராஸ், பிரேசிலின் மேக்டெக், செர்பியாவின் பிபியூ, இத்தாலியின் ஃபியோக்கி, செக் நாட்டின் செல்லியர் & பெல்லோ – இவற்றின் பித்தளை .38 எல்லாமே பாக்ஸர்தான், எல்லாமே ரீலோடுக்கு ஆகும். செல்லியர் & பெல்லோவில் பிரைமர் குழி சற்று இறுக்கம் என்பது ரீலோடு செய்பவர்களிடையே பேர்போன விஷயம். குழி வாயின் ஓரத்தை இலேசாகச் சீவிவிட்டால் பிரைமர் நேராக இறங்கும்.

எந்த நிறுவனம் என்பதைவிட, ஒரே நிறுவனமாக இருப்பது முக்கியம். இரண்டு பெட்டி வாங்கிச் சோதியுங்கள். பிடித்திருந்தால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணைப் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) பார்த்து அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். ஐந்து வகை உறைகள் கலந்து கிடக்கும் டப்பா பின்னால் பெரிய தலைவலி.

பெட்டியைப் பிரித்ததும், சுடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியது என்ன?
– நியூ ஜெர்சி வாசகர்

கண்ணாடித் துண்டு ஒன்றும் வெர்னியர் காலிப்பர் ஒன்றும் போதும்.

தோட்டாவைக் கண்ணாடி மேல் நிமிர்த்தி நிறுத்துங்கள். அடி முழுவதும் பதிந்து அசையாமல் நின்றால் பிரைமர் சரியாக உள்ளே இறங்கியிருக்கிறது. பம்பரம் போல இலேசாக ஆடினால் பிரைமர் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. பிரைமர் அடிமட்டத்துக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலை அடியின் குறுக்கே ஓட்டினாலும் இந்தப் பள்ளம் தெரியும். ஐம்பது தோட்டாவையும் தடவிப் பார்க்க மூன்று நிமிடம் ஆகாது. பிரைமர் துருத்திய தோட்டா ரிவால்வரில் இரண்டு விதமாகக் கெடுக்கும். சிலிண்டர் சுழலும்போது பின்பக்கத் தகட்டில் உரசி மக்கர் செய்யும். அல்லது முதல் அடியின் விசை பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்து, வெடிக்காமல் போகும்.

பிறகு குண்டைக் கட்டைவிரலால் மேசை விளிம்பில் அழுத்திப் பாருங்கள். துளியும் உள்ளே போகக் கூடாது, விரலால் திருகினால் சுற்றவும் கூடாது. வாய்மடிப்பை, அதாவது குண்டை இறுக்கிப் பிடிக்க உறையின் வாயை உள்நோக்கி மடித்த இடத்தை, சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருந்தால், உறைகளின் நீளத்தைச் சீராக வெட்டாமலே மடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நீளம்: .38 ஸ்பெஷல் தோட்டாவின் முழு நீளம் 1.550 அங்குலத்தையும், .357 மேக்னம் 1.590 அங்குலத்தையும் தாண்டக்கூடாது. பத்துத் தோட்டாக்களை அளந்து எழுதுங்கள். அளவு சற்றுக் குறைவாக இருந்தால் பரவாயில்லை, ஒன்றுக்கொன்று ஏறி இறங்கினால்தான் கவலை.

கடைசியாக, ரேஞ்சில் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ஒவ்வொரு தோட்டாவையும் சிலிண்டர் அறைக்குள் விடுங்கள். தன் எடையிலேயே சரிந்து விளிம்பு பதிய வேண்டும். கடைசி நூலளவு அழுத்த வேண்டியிருந்தால், அறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோட்டாவைக் குறை சொல்லுங்கள்.

ஒரே பெட்டித் தோட்டாதான். சில 'டமால்' என்கிறது, சில 'டப்' என்கிறது. குறி மேலும் கீழுமாகப் போகிறது. மருந்தைக் குறைத்துப் போட்டு ஏமாற்றுகிறார்களா?
– டல்லஸ் வாசகர்

பெரும்பாலும் இல்லை. அந்தத் தோட்டாவின் பிறப்பிலேயே இருக்கும் சங்கதி இது.

.38 ஸ்பெஷல் 1898-ல் வந்தது. .38 லாங் கோல்ட் உறையை நீட்டி, சுமார் 21 கிரெயின் (மருந்தையும் குண்டையும் எடைபோடும் சிறு அலகு) கரிமருந்து கொள்ளும்படி செய்த உறை. இன்றைய புகையில்லா மருந்து அதில் நான்கைந்து கிரெயின் போட்டாலே போதும். அதனால் உறைக்குள் பெரும்பகுதி வெற்றிடம். மருந்து குலுங்கிக்கொண்டே இருக்கும். துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்து உயர்த்திச் சுட்டால் மருந்து முன்னால் குண்டோடு ஒட்டிக் கிடக்கும். பிரைமரின் தீ அதை எட்டத் தாமதமாகும், வேகம் குறையும். மருந்து பின்னால் பிரைமர் மேல் குவிந்திருந்தால் உடனே பற்றும், வேகம் கூடும். நல்ல மருந்தில் இந்த வேறுபாடு சிறியது. விலைக்குத் தகுந்த மருந்தில் காதுக்கே கேட்கும்.

சோதிக்க ஒரு வேகமானி வேண்டும். பத்துத் தோட்டாக்களை, ஒவ்வொரு முறையும் குழலைத் தளத்தின் தரையை நோக்கி மெதுவாகத் தாழ்த்தி, அப்படியே நிதானமாக உயர்த்திச் சுடுங்கள். அடுத்த பத்துக்குக் குழலை மேலே உயர்த்தி இறக்கிச் சுட வேண்டும். பல தளங்களில் இது விதிமீறல். ரேஞ்ச் அதிகாரி அனுமதித்தால் மட்டுமே செய்யுங்கள். இரண்டு சராசரிக்கும் நடுவே நொடிக்கு 100 அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்தப் பெட்டி அருகிலிருக்கும் இலக்குக்கு மட்டும்தான். ஒப்பிட ஓர் அளவு: 158 கிரெயின் ஈயக்குண்டு போட்ட சாதாரண .38-க்கு நிறுவனப் பட்டியல்களில் 4 அங்குலக் குழலுக்கு நொடிக்கு 755 அடி என்று இருக்கும்.

மருந்தின் அளவே ஏறி இறங்குகிறது என்ற சந்தேகம் தீராவிட்டால், சுத்தியல் வகைக் கழற்றியால் (தட்டினால் குண்டு கழன்று வரும் கருவி) ஐந்து தோட்டாக்களைப் பிரித்து, மருந்தைத் தனித்தனியே எடை போடுங்கள். ஒப்பிட்டு முடித்ததும் அந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம்.

அப்படிப் பிரித்து எடைபோட்ட அளவையே நம் ரீலோடுக்கு வைத்துக்கொள்ளலாமா? தொழிற்சாலைக் கணக்குத்தானே?
– அதே வாசகர்

கூடவே கூடாது. தொழிற்சாலைகள் பீப்பாய்க் கணக்கில் வாங்கும் மருந்து, சில்லறைக் கடையில் டப்பாவில் கிடைக்கும் மருந்து அல்ல. ஒவ்வொரு வரவுக்கும் அழுத்தத்தை அளந்து பார்த்து அளவை மாற்றிக்கொள்வார்கள். நிறத்தையும் துணுக்கின் வடிவத்தையும் பார்த்து மருந்தை அடையாளம் காண யாராலும் முடியாது. தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணை, அதில் குறித்திருக்கும் மருந்து, அதே எடைக் குண்டு: இந்த மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே நிரப்ப வேண்டும். .38 ஸ்பெஷலுக்கு அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, அதன் கூடுதல் அழுத்த வகையான பிளஸ்-பி-க்கு 20,000, .357 மேக்னத்துக்கு 35,000. வெற்றிடம் நிறைய இருக்கும் இந்த உறையில் மருந்தை இருமுறை கொட்டினாலும் வழியாது. ஆகவே குண்டு வைப்பதற்கு முன் எல்லா உறைகளையும் பலகையில் அடுக்கி, டார்ச் அடித்து மருந்தின் மட்டத்தை ஒப்பிடுவது தவிர்க்கவே முடியாத வேலை.

ஆறில் ஒன்று வெடிப்பதில்லை. மறுபடி அடித்தால் வெடிக்கிறது. கோளாறு துப்பாக்கியிலா, தோட்டாவிலா?
– அட்லாண்டா வாசகர்

'கிளிக்' என்றதும் அடுத்ததைச் சுடாதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டா, சிலிண்டர் நகர்ந்த பிறகு குழலுக்கு நேரில்லாத அறையில் வெடித்தால் துப்பாக்கியே சிதறலாம்.

இரண்டாவது அடியில் வெடிப்பது பிரைமர் முழுதாக இறங்காததன் அடையாளம். முதல் அடி அதைப் பட்டடையில் உட்காரவைக்கிறது, இரண்டாவது அடி வெடிக்கவைக்கிறது. இரண்டாவது அடியிலும் வெடிக்காத பிரைமரில் பள்ளம் ஆழமாகவும் நடுவிலும் இருந்தால் பிரைமரே கெட்டது. பள்ளம் மேலோட்டமாக இருந்து, எந்த நிறுவனத் தோட்டாவானாலும் இதே கதை என்றால் துப்பாக்கியின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஸ்மித் & வெஸ்ஸன் மாடல்கள் பலவற்றில் பிடியின் முன்பக்கம் சுத்தி ஸ்பிரிங்கை அழுத்தும் திருகு ஒன்று உண்டு; டிரிகர் இலேசாக வேண்டும் என்று யாராவது அதைத் தளர்த்தியிருப்பார்கள். இறக்குமதித் தோட்டாக்களில் கடினமான பிரைமர் வருவது உண்டு, ஃபெடரல் பிரைமர் மென்மையானது. ஸ்பிரிங்கை இலேசாக்கிய துப்பாக்கிக்கு மலிவுத் தோட்டா ஒத்துவராமல் போவது இதனால்தான்.

'புஸ்' என்று சின்னச் சத்தம், உதைப்பே இல்லை. தொடர்ந்து சுடலாமா?
– சிகாகோ வாசகர்

நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் புடைத்துவிடும், வெடிக்கவும் கூடும். சிலிண்டரைத் திறந்து காலியாக்கி, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். சிலிண்டரே திறக்கவில்லை என்றால் குண்டு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் நிற்கிறது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். அந்தப் பெட்டியில் மிச்சமிருப்பதைச் சுட வேண்டாம், லாட் எண்ணோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

எடை குறைந்த .357 ரிவால்வர். நான்கைந்து சுட்டதும் சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடுகிறது. திறந்து பார்த்தால் ஒரு குண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது.
– ஃபீனிக்ஸ் வாசகர்

வாய்மடிப்பு போதவில்லை. உதைப்பில் துப்பாக்கி பின்னால் பாயும்போது, சுடாமல் இருக்கும் அறைகளில் உறையின் விளிம்பைத் துப்பாக்கி இழுத்துக்கொண்டு போகிறது, குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. துப்பாக்கி இலேசாக இருக்க இருக்க இழுப்பும் அதிகம். எந்தப் பெட்டியையும் இப்படிச் சோதியுங்கள்: ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து அடியில் பேனாவால் குறியிட்டு அறையில் வையுங்கள், மற்ற அறைகளில் இருப்பவற்றை மட்டும் சுடுங்கள், குறியிட்டதை எடுத்து மறுபடி அளவெடுங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தப் பெட்டி உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. அதே தோட்டா கனமான எஃகுத் துப்பாக்கியில் ஒழுங்காகப் போகலாம்.

சுட்ட உறைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? வெளிப்பக்கம் கரி படிந்திருப்பது குறையா?
– சான் ஹோசே வாசகர்

கரி குறையல்ல. மெதுவான தோட்டாவில் அழுத்தம் குறைவு. உறை சுவரோடு நன்றாக ஒட்டாததால் வாயு பக்கவாட்டில் நழுவிக் கரி பூசுகிறது. அதே காரணத்தால் பிரைமர் இலேசாக வெளியே தள்ளி நிற்பதும் உண்டு. இதை அதிக அழுத்தம் என்று தவறாக எண்ண வேண்டாம்.

எறிய வேண்டியது எது? வாயில் தலைமயிர் அளவு விரிசல் இருந்தாலும் எறியுங்கள். விரிசல் கண்ணுக்குத் தப்பினால் காது பிடிக்கும்: நான்கைந்து உறைகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குங்கள். நல்லவை கலகலவென்று மணிபோல ஒலிக்கும், விரிசல் விட்டது மொட்டையாகச் சத்தம் போடும். அடுத்தது உடலைச் சுற்றி ஓடும் வரிப்பள்ளம். குண்டு உள்ளே சரியாமல் இருக்கச் சில நிறுவனங்கள் உறையில் இதை உருட்டிப் பதிக்கின்றன. ஏழெட்டு முறை நிரப்பிய பிறகு அந்த வரியிலேயே உறை இரண்டாக அறுந்து, முன்பாதி அறைக்குள் தங்கிவிடலாம். வரி உள்ளவற்றைத் தனியே வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நிக்கல் பூச்சு உள்ளவை தோல் பட்டையில் கறுக்காது, அறையிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் வெறும் பித்தளையைவிடச் சீக்கிரம் வாய் பிளக்கும்.

பிரைமர் குழி தளர்ந்துவிட்டதா என்பது புதுப் பிரைமரை இறக்கும்போது கையிலேயே தெரியும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிப்போனால் அந்த உறையின் காலம் முடிந்தது.

சுவரின் கனம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதைச் சோதிக்க மருந்தும் பிரைமரும் இல்லாமல் ஒரு மாதிரித் தோட்டா செய்யுங்கள். டையில் சுருக்கிய உறையில், வாயை மடிக்காமல் குண்டை மட்டும் அமர்த்தி, மேசை விளிம்பில் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். குண்டு நகர்ந்தால் சுவர் மெல்லியது, எவ்வளவு மடித்தாலும் பிடிப்பு வராது. அடிமுத்திரைப்படி (உறையின் அடியில் பதித்திருக்கும் நிறுவனப் பேர்ப்படி) உறைகளைப் பிரித்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கறுத்த உறைகளைப் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?
– டெட்ராய்ட் வாசகர்

அமோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை அமோனியா உள்ளுக்குள்ளேயே பிளக்கும். இது முதலில் கவனத்துக்கு வந்ததே பிரிட்டிஷ் இந்தியாவில்தான். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள், மழை ஓய்ந்து எடுத்தபோது உறை பிளந்து கிடந்தன. காரணம் குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா என்பது 1921-ல்தான் விளக்கப்பட்டது. பருவமழையோடு சேர்ந்தே வந்ததால் ஆங்கிலத்தில் அதற்குப் பருவ விரிசல் என்றே பேர் நிலைத்துவிட்டது.

வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போதும். அலசி, நன்றாகக் காயவையுங்கள். தீத்துளையில் ஈரம் தங்கக் கூடாது. உலர் முறையில் குலுக்கிச் சுத்தம் செய்தால் பிரைமரின் ஈயத்தூள் காற்றில் பறக்கும். சமையலறையில் செய்யாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

.357 துப்பாக்கியில் மலிவு .38 மட்டுமே சுடுகிறேன். இப்போது .357 தோட்டா உள்ளே இறங்க மறுக்கிறது.
– டென்வர் வாசகர்

.38 உறையின் நீளம் 1.155 அங்குலம், .357 உறை 1.290. குட்டை உறையின் வாய் முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்திருக்கிறது. தள்ளி ஏற்றாதீர்கள், உறை வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அறை தூரிகையில் செம்புக்கம்பிச் சுருள் நாலு இழை சுற்றி, கரைப்பான் தொட்டுத் தேயுங்கள். மிருதுவான ஈயக்குண்டு சுடுபவர்கள் குழலின் பின்வாயையும் இதேபோலத் தேய்க்க வேண்டும்.

இந்தியாவில் உரிமம் பெற்ற ரிவால்வருக்கு நானே ரீலோடு செய்துகொள்ளலாமா?
– கோவை வாசகர்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. பெட்டியைச் சோதிக்கும் முறைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உறையை எத்தனை முறை நிரப்பலாம்?
– சியாட்டில் வாசகர்

மிதமான .38 என்றால் பத்து முறையைத் தாராளமாகத் தாண்டும். முழு வேக .357-க்கு அதைவிடக் குறைவு. உறை வாயை எவ்வளவு விரிக்கிறீர்கள், எவ்வளவு அழுத்தி மடிக்கிறீர்கள் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கும். குண்டின் அடி உள்ளே நுழையும் அளவுக்கு மட்டும் விரியுங்கள். ஐம்பது உறைகளை ஒரே டப்பாவில் வைத்து, நிரப்பிய எண்ணிக்கையை மூடியில் எழுதுங்கள். அந்த ஐம்பதில் மூன்று நான்கு ஒரே சுற்றில் வாய் பிளந்தால், மிச்சத்தையும் சேர்த்துப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடலாம்.